இருபத்துநான்காம் எண்ணின் கடமை

ஜூன் 4, செவ்வாய்

பிரஷர் அதிகம். தினமும் பார்த்து எழுதி வைக்கும்படி டாக்டர் உத்தரவு. ஒரு எண்ணை எழுத ஒரு முழுப் பக்கம் எதற்கு? மாப்பிள்ளை கொடுத்த டைரி, தாள் வழவழவென்று இருக்கிறது, வீணாக்க மனம் வரவில்லை. மீதி இடத்தில் மற்ற சங்கதிகளையும் எழுதலாம் என்று இருக்கிறேன். பொதுப்பணித் துறையில் தலை நரைக்கும் வரை குறிப்பு எழுதிய கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

இன்றைய பிரஷருக்குக் காரணம் கனி.

எங்கள் கல்லூரி சிவில் வகுப்பின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் வருகைப் பதிவு நடக்கும். கல்லூரியில் இருந்த அதே வரிசை எண்கள். ஒன்றாம் எண் விடிந்ததும் 'பிரசன்ட்' என்று போடுவார். பிறகு இரண்டு, மூன்று என்று வரிசையாக வர வேண்டும். முந்தின எண் சொல்லாமல் அடுத்த எண் சொல்லக் கூடாது. ஒருவர் ஏழரை மணி வரை வாய் திறக்கவில்லை என்றால், அவருக்கு அடுத்த எண்காரர் போன் செய்து பார்க்க வேண்டும். போனை எடுக்கவில்லை என்றால் ஊரில் யாரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சேலத்தில் தனியாக இருந்த கண்ணப்பன் இறந்துபோய், அது இரண்டு நாள் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அதற்குப் பிறகு முகமது கனி கொண்டு வந்த ஏற்பாடு இது. கனிதான் குழுவின் நிர்வாகி, சென்னைவாசி. பார்ப்பதற்குக் கிழவர்களின் விளையாட்டு மாதிரி இருக்கும். எங்களில் பலருக்கு அது ஒன்றுதான் காவல்.

நான் இருபத்துநான்கு. எனக்கு முன்னால் இருபத்துமூன்று, ஞானசேகரன், தஞ்சாவூர். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டான். அன்று காலை அவனுக்குப் போன் செய்தது நான்தான். அவன் மருமகள் எடுத்தாள். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

ஞானம் போன பிறகு அவன் இடம் காலி. இன்று கனி குழுவில் அறிவித்துவிட்டான்: "இனிமேல் 22-ஐ 24 பார்த்துக்கொள்ள வேண்டும்."

இருபத்திரண்டு யார் என்றால் இருதயராஜ், என்னைப் போல இதே திருச்சிவாசி. நானும் அவனும் பேசி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஜூன் 5, புதன்

கனிக்குப் போன் செய்து ஆட்சேபம் தெரிவித்தேன். வேறு யாரிடமாவது கொடு என்றேன். வரிசை எண்ணை நான் போடவில்லை, கல்லூரி போட்டது என்றான். அவன் மின்வாரியத்தில் இருந்தவன். அங்கே கற்ற பதில்.

ஏன் பேசுவதில்லை என்று மரகதம் கேட்டாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து பலமுறை சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் அவள் சிரிப்பதற்காக மறுபடி கேட்பாள். விடுதி நாள் நாடகம். எங்கள் வகுப்பில் பெண்கள் கிடையாது. ஒல்லியாக இருந்த குற்றத்துக்காக என்னை மகாராணி ஆக்கினார்கள். இருதயராஜ் மன்னர். மூன்றாவது காட்சியில் நான் கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அவன் என் புடவை முந்தானையில் ஏறி நின்றுகொண்டிருந்தான். நான் போனேன், புடவை வரவில்லை. உள்ளே அரைக்கால் டிரவுசர். கல்லூரி முதல்வர் குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதாவது அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அமைச்சரே, மகாராணிக்கு உடனே ஒரு வேட்டி கொண்டு வாரும்" என்றான்.

கொட்டகையே அதிர்ந்தது. அன்றிலிருந்து நான் மகாராணி. செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். மூன்று பாலம் என் மேற்பார்வையில் நிற்கிறது. என் மகள் கல்யாணத்தில் எங்கள் வகுப்பு வரதராசு, ராணுவத்தில் கர்னல், சம்பந்தி காதில் விழ "மகாராணி எங்கே?" என்று தேடிக்கொண்டு வந்தான்.

தெய்வநாயகம் என்ற பெயர் எனக்கு இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 6, வியாழன்

இருபத்திரண்டு நேரத்துக்குச் சொல்லிவிட்டார். தொந்தரவு இல்லை. பிரஷர் சுமார்.

ஜூன் 8, சனி

ஏழரை ஆகியும் இருபத்திரண்டிடமிருந்து சத்தம் இல்லை. எனக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் காத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இருவத்திரண்டுங்களா?"

"ஆமாங்க. யாரு?"

"இருவத்திநாலு."

"சொல்லுங்க."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி, குரூப்புல போடுங்க."

வைத்துவிட்டேன். கடமை முடிந்தது. தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் தாமதம் என்று பிறகு குழுவில் விளக்கம் போட்டிருந்தார். தோட்டத்தில் இருந்தவர் முதல் மணியிலேயே எப்படி எடுத்தார் என்று தெரியவில்லை. இந்த வயதிலும் நடை வேகம் போலிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மறுபடி தாமதம். மறுபடி போன். இந்த முறை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 10, திங்கள்

தோசைக் கல்லில் தோசை இருந்ததாம்.

ஜூன் 12, புதன்

இது திட்டமிட்ட வேலை. என்னை வேண்டுமென்றே போன் செய்ய வைக்கிறான். மரகதத்திடம் சொன்னேன். "ஆமா, வேணும்னேதான்" என்று சொல்லிவிட்டு, ஏன் சிரித்தாள் என்று சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இன்று பேசும்போது குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. காலங்காத்தாலே என்ன குழம்பு என்று கேட்டுவிட்டேன். வாய் தவறிக் கேட்டதுதான். மூன்று வருடம் முன்னால் மனைவி ஸ்டெல்லா இறந்த பிறகு அவரே சமைக்கிறாராம். மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை பேசுவானாம். எந்தக் குழம்பு வைத்தாலும் கடைசியில் ரசமாகத்தான் வருகிறது என்றார். புளி எவ்வளவு போடுகிறீர்கள் என்றேன். கையில் அள்ளிப் போடுவாராம். சிமெண்டு, மணல், ஜல்லி விகிதம் படித்த ஆள் பேசுகிற பேச்சா இது! போனை மரகதத்திடம் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

பிரஷர் குறைந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

மரகதம் வத்தக்குழம்பு வைத்து ஒரு தூக்கில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். "கிராப்பட்டி என்ன லண்டன்லயா இருக்கு? குடுத்துட்டு வாங்க" என்றாள். உறையூரிலிருந்து ஆட்டோ. வாசல் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவது என் திட்டம்.

மனிதர் இளைத்துவிட்டார். அந்த நாளில் கிரீடம் வைத்தால் நிஜ மன்னர் மாதிரி இருப்பார். இப்போது தோள் எலும்பு சட்டையை முட்டுகிறது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வாங்க என்றார், போனேன். வாசலில் நின்று பேசினால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?

வீடு அவரே நின்று கட்டியது. ரயில்வேயில் இருந்தவர், உறுதியாகத்தான் கட்டியிருக்கிறார், பின்கட்டுக் கதவைத் தவிர. அந்தக் கதவின் நிலை ஆடுகிறது. சுவரோடு பிடிக்க வேண்டிய இரும்புப் பட்டைகளைச் சரியாகப் பதிக்கவில்லை. சொன்னேன். முப்பது வருடமாக நிற்கிறது, இன்னும் முப்பது வருடம் நிற்கும் என்றார். ஒரு தள்ளு தள்ளினால் கையோடு வந்துவிடும் என்றேன். ரயில்வேக்காரனுக்குப் பொதுப்பணித் துறைக்காரன் பாடம் நடத்த வேண்டாம் என்றார். அரை மணி நேரம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே சண்டை போட்டோம். காபி அவர் போட்டார். சுமார்.

ஜூன் 17, திங்கள்

கழுவின தூக்கை இருதயராஜின் பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வரும்போது கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே தோட்டத்துக் கொய்யாப் பழம். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "மகாராணிக்குக் கப்பம்."

மரகதம் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. கொய்யா இனிப்பு. எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து கொடுத்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

காலை நடை முடிந்து போனோடு பால்கனியில் உட்கார்ந்தேன். அங்கேதான் காற்று வரும். மணி ஏழே கால். மரகதம் வந்து பார்த்து, இன்னும் நேரம் ஆகவில்லையே என்றாள். எதற்கு நேரம் ஆகவில்லை என்று கேட்டேன். ஒன்றுமில்லை, காற்று வருவதற்கு என்றாள்.

இன்று பேச்சு மூட்டு வலிக்குப் போயிற்று. பிறகு ஞானசேகரனுக்கு. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துத் தகவலை அந்தப் பக்கம் சொல்லியே அவன் கல்லூரிக் காலத்தை ஓட்டினான். வகுப்பிலும் அப்படி, பிறகு குழுவிலும் அப்படி. "பாவம்டா, நம்ம ரெண்டு பேருக்கும் தபால்காரனா இருந்தே செத்துட்டான்" என்றான் இருதயராஜ். 'டா' போட்டதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அப்புறம் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, நானும் போட்டேன்.

பிரஷர் நன்றாக இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

சாதம் குழையாமல் வடிப்பது எப்படி என்று கேட்டான். எனக்கே தெரிந்திருந்தது.

ஜூலை 1, திங்கள்

குழுவில் இன்று ரகளை.

நானும் இருதயராஜும் பேசி முடித்த பிறகுதான் அவன் 'பிரசன்ட்' போடுகிறான். அது வரை இருபத்தைந்து முதல் கடைசி வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு யோகா, ஒருவருக்குப் பேரனைப் பள்ளியில் விட வேண்டும். கர்னல் வரதராசு எழுதினான்: "மகாராணியும் மன்னரும் அந்தப்புரத்தில் பேசி முடிக்கும் வரை குடிமக்கள் வாக்கிங் போகக் கூடாதா?" அதற்குக் கீழே ஒரு டஜன் சிரிப்பு முகங்கள்.

விடுதி நாள் கொட்டகையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. உடனே பதில் போட்டேன்: "நான் விதிமுறைப்படி என் கடமையை மட்டுமே செய்கிறேன். தினமும் போன் செய்வது எனக்கும் தொல்லைதான். 22 நேரத்துக்குச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம்."

நறுக்கென்று எழுதியதாகத்தான் நினைத்தேன்.

மரகதத்திடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லதுக்கில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இருபத்தொன்று சொன்ன கையோடு கனி எழுதினான்: "22 பிரசன்ட். என்னிடம் பேசிவிட்டார். இனி நானே போட்டுவிடுகிறேன்." வருகைப் பதிவு ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. கனி வாழ்க என்று ஆளாளுக்குக் கை கூப்பினார்கள்.

ஆக, கனியிடம் பேசுவான். என்னிடம் பேச மாட்டான். நல்லது. எனக்கு வேலை மிச்சம்.

பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். முழுவதும் படித்தேன், வரி விளம்பரங்கள் உட்பட.

பிரஷர் கூடியிருக்கிறது. மிஷினில் பாட்டரி தீர்ந்திருக்கலாம்.

ஜூலை 3, புதன்

கனி: "22 பிரசன்ட். தோசை சாப்பிடுகிறார்."

சாப்பிடட்டும்.

"ஒரு போன் பண்ணினா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மரகதம். கோபித்துக்கொண்டு போனவன் அவன், நான் எதற்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். தொல்லை என்று எழுதியது யார் என்றாள். ஊர் வாயை அடைக்க எழுதியது அது, அவனுக்குப் புரிய வேண்டாமா? ஐம்பது வருடப் பழக்கம்.

பழக்கம் என்று எழுதிவிட்டேன். பேசாமல் இருந்த பழக்கம் என்று படிக்கவும்.

சாயங்காலம் இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். மணி பார்ப்பதற்கு. பாட்டரி மாற்றியாகிவிட்டது. பிரஷர் அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியற்காலையில் இருந்தே திருச்சியில் அடைமழை. நடை இல்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்து குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று சொன்னதும் கனி எழுதினான்: "22 பிரசன்ட். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்."

படித்துவிட்டு என் முறைக்கு 'பிரசன்ட்' என்று அடிக்கப் போனேன். விரல் நின்றுவிட்டது. வெளியே தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடுகிறது. இந்த மழையில் எவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான்?

கனிக்குப் போன் போட்டேன். இருதயராஜிடம் இன்று பேசினாயா என்று கேட்டேன். பேசின மாதிரிதான் என்று இழுத்தான். எனக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியில் கனிக்கு இருந்த பெயரே பிராக்ஸி கனி. வராத நண்பர்களுக்காக ஐந்து குரலில் வருகை சொல்லுவான், ஒரு விரிவுரையாளராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. நண்பனுக்கு அவன் செய்யத் தெரிந்த பெரிய உதவி அதுதான். செவ்வாய்க்கிழமை மட்டும் இருதயராஜ் நிஜமாகப் பேசியிருக்கிறான். "மகாராணிக்குத் தொல்ல வேணாம், நீயே போட்டுடுப்பா" என்று சொல்லியிருக்கிறான். புதன்கிழமை கனி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. தோசை சாப்பிடுகிறான் என்று கனியே நினைத்துக்கொண்டு போட்டுவிட்டான். இன்றும் எடுக்கவில்லை. தோட்டம் என்று போட்டுவிட்டான்.

நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். முதல் மணியில் எடுக்கிற ஆள்.

மரகதம் அதற்குள் செருப்புப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். மழையில் ஆட்டோ கிடைக்காமல் எதிர் வீட்டுக்காரர் காரில் போனோம். முன் கதவு உள்ளே தாழ். தட்டினோம், கத்தினோம். போன் கூடத்தில் அடிப்பது சன்னல் வழியாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை தேடப் போனார். நான் பின்பக்கம் ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும், மரகதம் சாட்சி.

தோளால் ஒரே ஒரு தள்ளு. கதவு திறக்கவில்லை. நிலையோடு சேர்ந்து மொத்தமாக உள்ளே சாய்ந்தது.

குளியலறை வாசலில் கிடந்தான். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. புதன்கிழமை காலை வழுக்கி விழுந்தவன். இடுப்பு அசையவில்லை. வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் நாக்கை நனைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். உதடு வெடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்து என்னைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் வெளிச்சம் வருகிற பக்கம் பார்த்தான்.

"நெலயப் பேத்துட்டியா?"

"தொட்டேன்டா. வந்துருச்சு."

சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நேத்து ஏழரைக்கு போன் அடிக்கும், எடுக்கலைன்னா நீ வந்துருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ அடிச்சுது. அப்புறம் அடிக்கவே இல்ல."

அடித்தது கனி. அடிக்காதது நான். அவனிடம் அப்போது அதைச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை மரகதம் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை.

பிரஷர் பார்க்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இடுப்பு எலும்பு முறிவு. இன்று மதியம் அறுவை சிகிச்சை. பெர்த்திலிருந்து மகன் கிளம்பிவிட்டான், நாளை இரவு வந்துவிடுவான். அது வரை யார் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் என்றேன். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்றார்கள். அடுத்த எண் என்று சொன்னால் புரியாது என்பதால் தம்பி என்று சொன்னேன். "அண்ணன்" என்று ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே திருத்தினான், தான் இரண்டு மாதம் இளையவனாம்.

கனி போனில் அழுதான். நிர்வாகி வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். நீ விட்டால் நான் குழுவை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டி நிறுத்தினேன். அவனைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவன் அன்பில் செய்தான், நான் வீம்பில் செய்யாமல் இருந்தேன்.

பிற்பகலில் கனி புதிய விதி போட்டான். நாளை முதல் எழுத்து கிடையாது. ஒவ்வொருவரும் சொந்தக் குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பிராக்ஸி அடியோடு ஒழிந்தது. விதியைக் கொண்டு வந்தது பிராக்ஸி கனி என்பதால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆறு மணிக்கு டாக்டர் சொன்னார். மரகதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூலை 6, சனி

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் முதல் முறையாகக் குரல்கள் வந்தன. எழுத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். குரலில் அப்படி இல்லை. ஒன்றாம் எண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. ஏழுக்குப் பக்கவாதம் வந்தது தெரியும், ஒரு வார்த்தைக்கு அவன் இவ்வளவு பாடுபடுவான் என்று தெரியாது. பதினாறு இன்னும் இருபது வயதுக் குரலை வைத்திருக்கிறான், அநியாயம். பத்தொன்பதின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. இருபத்தொன்று வரை வந்து நின்றது.

இருபத்திரண்டு மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் போன் என் சட்டைப் பையில்.

ஏழரை ஆயிற்று. விதிப்படி நான் போன் செய்ய வேண்டும். செய்தால் என் பையிலேயே அடிக்கும். "22 தூங்குகிறார், பக்கத்தில் இருக்கிறேன்" என்று எழுதினேன். எழுத்து செல்லாது என்று எனக்கே தெரியும். யாராவது முறையிடுவார்கள், வரிசையைத் தாண்டிப் போகலாம் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. கர்னல் வரதராசு எழுதினான்: "அவசரம் இல்லை. குடிமக்கள் காத்திருக்கிறார்கள்." அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. யோகாக்காரர், பேரனைப் பள்ளியில் விடுகிறவர், எல்லோரும் அவரவர் ஊரில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் கண் திறந்தான். நர்ஸ் உதட்டை நனைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் உனக்காக நிற்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். போனை அவன் வாயருகே கொண்டு போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

"இருவத்திரண்டு... பிரசன்ட்."

அனுப்பினேன். அடுத்தது நான். என் போனை எடுத்து அழுத்தினேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். இருபத்துநான்கு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், தினமும் சொல்லுகிறதுதான். காற்று மட்டும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், மறுபடி பார்த்தேன், முடியவில்லை.

படுக்கையில் இருந்தவன் கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். அவன் விரலில் பலம் இல்லை, அழுத்துவதற்கு என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இருவத்திநாலும் பிரசன்ட். இங்கதான் ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்கான். அதனால நான் சொல்றேன்."

போய்விட்டது. பிராக்ஸி ஒழிந்த முதல் நாளே பிராக்ஸி. கனி ஆட்சேபிப்பான் என்று இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த குரல் வந்தது. "இருவத்தஞ்சு, பிரசன்ட்."